கரைப்பானை மாற்றினால் தோல் வழியே எவ்வளவு போகும்? ஃபிரான்ஸ் செல்லில் அளக்கும் முறை

ஃபிரான்ஸ் செல் என்பது மேலறை, கீழறை இரண்டுக்கும் நடுவே தோல் துண்டை வைக்கும் கருவி; மேலே இட்ட மருந்து தோலைக் கடந்து கீழே எவ்வளவு வருகிறது என்று அதில் அளக்கலாம். வலிநிவாரணியான இபுபுரூஃபனை பாலிஎத்திலீன் கிளைக்கால் 400-இல் 2 சதவீதம், நீர் கலந்த எத்தனாலில் 2 சதவீதம் என்று கரைத்து ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. செறிவு ஒன்றுதான், தெவிட்டுநிலை (கரைப்பான் தாங்கும் உச்ச அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது) ஒன்றல்ல. நன்றாகக் கரைக்கும் கரைப்பானில் சொகுசாக இருக்கும் மூலக்கூறு தோலுக்குள் போக அவசரப்படாது. அதனால் ஒவ்வொரு கரைப்பானிலும் தெவிட்டிய கரைசலை வைத்தே ஒப்பிடுங்கள். கரைப்பான் தோலைத் தொந்தரவு செய்யாதவரை, தெவிட்டிய கரைசல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மருந்தை அனுப்பும். வேகம் மாறினால், கரைப்பான் தோலிலேயே கைவைத்திருக்கிறது.

கரைசல்

கரைந்தது போக அடியில் தூள் மிஞ்சும்படி போட்டு, 32 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் கலக்குங்கள். 25 டிகிரியில் தெவிட்டிய கரைசல், தோலின் 32 டிகிரிக்கு வந்ததும் பெரும்பாலும் தெவிட்டாததாகிவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இது. நீரில் இபுபுரூஃபன் மிகக் குறைவாகவே கரையும். கரைந்தது சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆகவே கரையாத தூளோடு சேர்த்தே செல்லில் ஊற்றுங்கள்.

தோல்

பன்றிக் காது போதும். ஆனால் இறைச்சிக்கூடத்தில் முடி நீக்கக் கொதிநீரில் முக்குவதற்கு முன்பே வெட்டியதாக இருக்க வேண்டும். முக்கி எடுத்த தோலில் தடுப்புப் படலம் கெட்டிருக்கும். டெர்மடோமால் (தோலை மெல்லிய ஏடாகச் சீவும் கருவி) 200–400 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவுங்கள். உண்மையான தடை மேலே உள்ள 10–20 மைக்ரோமீட்டர் இறந்த உயிரணு அடுக்கும் அதன் இடையிலுள்ள கொழுப்பும்தான். மின்தடை அளந்து, அது குறைவாக இருந்து ஓட்டையைக் காட்டும் துண்டை ஒதுக்குங்கள். ஒரே விலங்கின் தோலை எல்லாக் கரைப்பான்களுக்கும் பங்கிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு செல்.

ஓட்டம்

15 மில்லிமீட்டர் வாயுள்ள செல்லுக்குப் பரப்பு 1.77 சதுர சென்டிமீட்டர். கீழறையில் காற்று நீக்கிய பாஸ்பேட் பஃபர் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்), பி.எச். 7.4. காற்றை நீக்காவிட்டால் சூடேறும்போது தோலுக்கு அடியில் குமிழி ஒட்டி, பரப்பு குறையும். குமிழி வந்தால் செல்லைச் சாய்த்து வெளியேற்றுங்கள். மேலே 0.2 மில்லிலிட்டர் மருந்துக் கரைசல் இட்டு மூடுங்கள். குறித்த நேரங்களில் கீழறையிலிருந்து 0.5 மில்லிலிட்டர் எடுத்து, அதே அளவு சூடான புதுப் பஃபரை ஊற்றுங்கள். அதுவரை தோலைக் கடந்த மொத்த மருந்தை நேரத்துக்கு எதிராகக் கோடாக வரையுங்கள். முன்பு எடுத்த மாதிரிகளில் போன மருந்தைக் கணக்கில் கூட்ட மறந்தால், கோடு பொய்யாக வளையும். கீழறைச் செறிவு அங்குள்ள கரைதிறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நேர்கோட்டுப் பகுதியின் சாய்வைப் பரப்பால் வகுத்தால் பாய்வு (ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே ஒரு மணியில் போகும் மருந்து) கிடைக்கும். ஒரு செல் மட்டும் தாமதமே இல்லாமல் முதல் மணியிலேயே எகிறினால், பெரும்பாலும் தோல் கிழிந்திருக்கும்.

எதை எதிர்பார்க்கலாம்

எத்தனால் கொழுப்பைக் கரைத்து இழுக்கும். மூடாமல் மெல்லிய படலமாகத் தடவினால் (சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோலிட்டர்) அது ஆவியாகி, மிஞ்சியது மீத்தெவிட்டுநிலைக்கு (தாங்கும் அளவுக்கு மேல் மருந்து கரைந்திருக்கும் நிலை) போகும். பாய்வு ஏறும், படிகம் விழுந்ததும் இறங்கும். புரோப்பிலீன் கிளைக்கால் தானே தோலுக்குள் நுழைந்து, அங்கே மருந்து கரையும் அளவைக் கூட்டும். ஓலெயிக் அமிலத்தை அதில் சிறிது சேர்த்தால் கொழுப்பு அடுக்கு குலைந்து விளைவு இன்னும் வலுக்கும். டைமெதில் சல்பாக்சைடு 60 சதவீதத்துக்கு மேல்தான் உண்மையில் வேலை செய்யும். அந்த அளவில் உயிருள்ள தோல் எரியும். மெல்லிய கையுறையை நம்பி அதைக் கையாளாதீர்கள், கூடவே கரைந்திருப்பதும் உங்களுக்குள் போகும்.

வேகம் மாறியது தோலால்தானா என்று சந்தேகம் வந்தால் அதே கரைசல்களைச் சிலிக்கோன் சவ்வில் ஓட்டுங்கள். புரோப்பிலீன் கிளைக்கால் அங்கே நீரை ஒத்த பாய்வு தந்து, தோலில் மட்டும் கூடுதலாகத் தந்தால், மாற்றம் தோலில்தான். எண்ணெய் போன்ற ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் கரைப்பானுக்கு இந்தச் சோதனை செல்லாது; அது சிலிக்கோனையே ஊதவைத்துவிடும்.