ஏலியனுக்கு ஆட்டுக்கால் வரையும்போது நேரும் தவறுகள்

ஏலியனை வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது காலில்தான். மனித உடம்பு, ஆனால் முழங்கால் மட்டும் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். பார்த்தவுடனே இது நம் ஊர் ஆள் இல்லை என்று தெரிந்துவிடுமல்லவா? சிக்கல் என்னவென்றால், ஆட்டுக்கோ நாய்க்கோ குதிரைக்கோ முழங்கால் பின்பக்கம் துருத்துவதே இல்லை.

தெருவில் நிற்கிற ஓர் ஆட்டின் பின்னங்காலைக் கவனியுங்கள். பாதி உயரத்தில் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது கணுக்கால். அதன் முனை குதிகால். உண்மையான முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றை ஒட்டி, தோல் மடிப்பில் பாதி மறைந்து, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்திருக்கிறது. கணுக்காலுக்குக் கீழே நீளமாகத் தெரிவது பாத எலும்பு. குளம்பு என்பது விரல் நகம். ஆக, ஆடு ஆயுள் முழுக்க விரல் நுனியில்தான் நடக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த தவறும் நிற்கும். தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் மனிதனைப் போல வரைந்துவிட்டு, கீழே கூடுதலாக ஒரு கால்மூட்டை ஒட்டி, அங்கேயும் பயில்வானைப் போலத் தசை வைப்பார்கள். குதிரைக்குக் கணுக்காலுக்குக் கீழே தசை என்று சொல்லும்படி எதுவுமில்லை. மேலே இருக்கும் தசைகள் நீண்ட தசைநாண்கள் வழியாகக் கீழ்ப்பகுதியை இழுக்கின்றன. காலின் நுனி எடை குறைவாக இருந்தால்தான் அதை வேகமாக வீசி ஓட முடியும். உங்கள் ஏலியன் ஓடுகிற ஜாதியா, பாரம் சுமக்கிற ஜாதியா என்பதை முடிவுசெய்துவிட்டுத் தசையை வையுங்கள்.

அப்புறம் அளவு. சிலந்தியை யானை அளவுக்குப் பெரிதாக்கினால் பயங்கரமான ஏலியன் தயார் என்று நினைக்கிறார்கள். கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலிலேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 10 மடங்கு ஆக்கினால் எடை 1000 மடங்கு ஆகும். காலின் குறுக்குப் பரப்போ 100 மடங்குதான். அதாவது ஒவ்வொரு காலும் முன்பைவிட 10 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். யானையின் கால்கள் தூண் மாதிரி உடலுக்கு நேர் கீழே நிற்பது இதனால்தான். பக்கவாட்டில் விரிந்த மெல்லிய கால்களில் அந்தப் பாரம் நிற்காது.

சிலந்தியிடம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதன் காலில் உள்ள முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே கிடையாது. மடக்கத்தான் தசை, நீட்டுவது உடல் திரவத்தின் அழுத்தம். செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடப்பதற்குக் காரணம், அழுத்தம் போய்விட்டதுதான். இது கதைக்காரருக்கு அருமையான சரக்கு: இப்படிப்பட்ட ஏலியனை எங்காவது குத்தித் திரவம் ஒழுகவிட்டால், கால்கள் தாமாகவே மடங்கத் தொடங்கும். வெறும் எட்டுக் கால்களை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

பெரிய பூச்சிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் காற்றையும் ஈர்ப்பையும் மாற்றுங்கள். பூமியிலேயே சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இறக்கை விரித்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல் வரும் தும்பி வகைப் பூச்சிகள் பறந்தன. அப்போது காற்றில் ஆக்ஸிஜன் இன்றைவிட அதிகம் இருந்தது ஒரு காரணம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

இறக்கை விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். நான்கு கால் மிருகத்தின் முதுகில் இரண்டு இறக்கைகளை ஒட்டிவிட்டால் அதை அடிக்கும் தசை எங்கே இருக்கும்? புறாவுக்கு மார்பெலும்பின் நடுவே கப்பலின் அடிப்பகுதி போல ஒரு மேடு உண்டு. பறக்கும் தசைகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. வௌவாலின் இறக்கையோ விரல்களுக்கு நடுவே விரிந்த தோல். இரண்டுமே முன்னங்கால் மாறி வந்தவைதான். ஆறு உறுப்புகள் கண்டிப்பாக வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கிரகத்தில் அதன் சொந்தபந்தங்களுக்கும் ஆறு இருக்கட்டும். நம் ஊரில் தவளை முதல் திமிங்கிலம் வரை நான்கு உறுப்பு மூதாதையிடமிருந்து வந்ததைப் போல.

கண்ணைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. வில்லன் என்றாலே பூனை மாதிரி செங்குத்துக் கண்பாவை வைப்பது சலித்துவிட்டது. புலிக்கும் சிங்கத்துக்கும் பாவை வட்டம்தான்.

வாய்க்குள் இன்னொரு வாய் வைக்க ஆசைப்படுகிறவர்கள் மோரே விலாங்கைப் பார்க்கலாம். அதன் தொண்டையில் பற்களுள்ள இரண்டாவது தாடை இருக்கிறது. முதல் தாடை இரையைக் கவ்வியதும் இது முன்னால் பாய்ந்து பிடித்து உள்ளே இழுக்கிறது. 2007-இல்தான் இந்தச் செயல் தெளிவாகப் பதிவானது. பல மீன்கள் வாயைத் திறந்து நீரோடு இரையை உறிஞ்சும். பாறை இடுக்கில் வாழும் ஒடுங்கிய தலையுள்ள விலாங்குக்கு அப்படி உறிஞ்சும் பலம் குறைவு. உங்கள் ஏலியனுக்கு இதைக் கொடுத்தால், பின்னால் கிடக்கும் தாடைக்கும் அதை இழுக்கும் தசைகளுக்கும் இடம் வேண்டும். குச்சிக் கழுத்தை மட்டும் வரைந்துவிடாதீர்கள்.