முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவரை ஆவணப்படம் எடுப்பது எப்படி?

பெரிய மனிதர்களைத் தேடிப் போகாதீர்கள், கேமரா முன்னால் என்ன பேச வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மதுரையில் ஒரு தையல்காரரை எடுத்துக்கொள்வோம். பல வருஷம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டிருந்து, கடைகள் குன்னத்தூர் சத்திரம் வணிக வளாகத்துக்கு மாறியபோது கூடவே மாறியவர். மண்டபத்தைக் காலி செய்தது சரியா என்று கேட்டால் "பின்னே, திருமலை நாயக்கர் கட்டினது தம்பி, அதுல நாங்க ஆணி அடிச்சு வச்சிருந்தா?" என்பார். நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சும்மா நின்றால், கொஞ்ச நேரத்தில் தானாகவே "ஆனா யாவாரம்னா அங்கதான், இங்க யாரு வர்றா" என்பார். இந்த இரண்டும் ஒரே ஷாட்டில் இருக்க வேண்டும். நடுவில் வெட்டினால் அந்த முரண் உங்கள் எடிட்டிங் செய்த வேலை மாதிரி ஆகிவிடும்.

முதலில் கேமரா இல்லாமல் போய் டீ சாப்பிட்டுப் பழகுங்கள். அப்புறம் பேட்டி என்று நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள், கை வேலையில் இருக்கும்போதுதான் வாய் இயல்பாகப் பேசும். மெஷின் சத்தத்துக்கு காலர் மைக் மாட்டிவிடுங்கள். யாரும் பேசாதபோது கடைச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் பதிவு செய்து வைத்தால் எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். டியூப் லைட்டில் படம் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வினாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வைத்தால் சரியாகிவிடும்.

ஒரே கேள்வியை வேறு வேறு இடத்தில் கேளுங்கள். கடையில் ஒரு பதில், வீட்டில் மனைவி பக்கத்தில் இருக்கும்போது வேறு பதில் (அவர் குறுக்கே புகுந்து திருத்துவார், தடுக்காதீர்கள், படத்தின் நல்ல பகுதியே அதுவாக இருக்கலாம்). டீக்கடையில் சாமியாவது பூதமாவது என்று பேசியவர், சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் உடையைத் தைக்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கலாம். "ஏண்ணே?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.

ரெடிமேட் வந்து தொழிலையே அழிச்சிருச்சு என்று புலம்புகிறவர் போட்டிருப்பது ரெடிமேட் சட்டையாக இருக்கும். அந்த லேபிளை ஜூம் செய்யக் கை துறுதுறுக்கும், செய்யாதீர்கள், மலிவான சிரிப்பு அது. அவரிடமே கேட்டால் "ஊருக்குத் தைக்கவே நேரமில்ல, எனக்கு எங்கிட்டுத் தைக்க" என்று வரும் பாருங்கள், எந்த ஜூமும் அதற்கு ஈடாகாது.

ஒப்புதலை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். ஆனால் காகிதம் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், சாதி, கட்சி, கடை வாடகை என்று மனுஷன் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார், நாளைக்கும் அவர் அதே கடையைத்தான் திறக்க வேண்டும். வெளியே காட்டுவதற்கு முன் அவருக்கும் வீட்டாருக்கும் போட்டுக்காட்டுங்கள். முகம் நல்லா இல்லை என்று வெட்டச் சொன்னால் வாதாடிப் பாருங்கள், பிழைப்பில் மண் விழும் என்று சொன்னால் பேசாமல் வெட்டிவிடுங்கள்.