ஔலுவில் பனிக்கால செமஸ்டர்: காலணியில் தொடங்குங்கள்

ஃபின்லாந்தின் ஔலு நகரம் 65 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு அங்கே கிளம்பும் மாணவர்கள் தடித்த ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் பாதியை நிரப்பிவிடுகிறார்கள். வேண்டாம். அங்குள்ள பழைய பொருள் கடைகளில், கிர்ப்புத்தோரி என்பார்கள், மைனஸ் 20 டிகிரியைத் தாங்கும் ஜாக்கெட் மலிவாகவே கிடைக்கும். மிச்சமாகும் பணத்தைக் காலணிக்கும் உள்ளாடைக்கும் செலவிடுங்கள்.

உடம்பை ஒட்டிய உடை மெரினோ கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். வாசலைத் தாண்டும்போது லேசாகக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட நடையில் வியர்த்துவிடும்.

காலணி வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிதாக வேண்டும். கம்பளிக் காலுறை போட்ட பிறகும் விரல்களை அசைக்க இடம் இருக்க வேண்டும். காலணி இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைக் காக்கும் காற்றுக்கும் உள்ளே இடமிருக்காது. இரண்டு காலுறைகளைத் திணித்துக்கொண்டு விரல் மரத்துப்போகிறது என்பவர்களுக்கு நடப்பது இதுதான். இரவில் காலணியின் உள்தகட்டை (இன்சோல்) வெளியே எடுத்து உலர்த்துங்கள். காலணியை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் வைத்தால் அதன் தோல் வெடிக்கும், பசை விடும்; பக்கத்தில் வைத்தால் போதும்.

வழுக்கி விழுவது கடுங்குளிரில் அதிகம் என்று நினைக்க வேண்டாம். மைனஸ் 15-ல் காலணி பனியில் வழுக்காமல் பிடித்து நிற்கும். பூஜ்யத்தை ஒட்டி, பகலில் உருகி இரவில் உறையும் நாட்களில்தான் கண்ணாடிபோல் பனிக்கட்டி படியும். அன்றைக்குக் காலணியில் மாட்டும் ஆணிப்பட்டை அவசியம். சின்ன அடிகளாக, பாதத்தை முழுதாகப் பதித்து, கைகளைப் பையில் விடாமல் நடங்கள்.

மூக்கு, கன்னம், காது மரத்து வெளுத்தால் அது பனிக்கடியின், அதாவது குளிரில் தோல் உறைந்துபோவதன் தொடக்கம். உள்ளே போய் உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றுங்கள். தேய்க்கவே கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது தோலை இன்னும் புண்ணாக்கும்.

டிசம்பர் பிற்பாதியில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்தான். மதியத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். பெரியவர்களுக்குத் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி என்பது அங்குள்ள பரிந்துரை. தூக்கம் தாறுமாறாகி, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மாணவர் மருத்துவ மையத்தில் பேசுங்கள்.

இருட்டில் நடப்பவர்கள் ஒளிதிருப்பி (ரிஃப்ளெக்டர்) அணிவது அவசியம். முழங்கால் உயரத்தில் இருபுறமும் தொங்கவிடுங்கள். கார் விளக்கு முதலில் படுவது அங்கேதான்.

கேமராவையோ லேப்டாப்பையோ வெளியிலிருந்து கொண்டுவந்ததும் பையைத் திறக்காதீர்கள். சூடான காற்று பட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது மூடியபடியே இருக்கட்டும்.

அறை 21 டிகிரியில் இருந்தால் தேங்காய் எண்ணெய் உறையும், இட்லி மாவு ஓர் இரவில் பொங்காது. மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம். பொங்கி வழிந்தால் ஓவனைக் கழுவும் வேலை சேரும்.