பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் நீர்க்கசிவு: கண்டறிதலும் சரிசெய்தலும்

கூரையில் ஈரக்கறை தெரிந்ததும், அதற்கு நேர் மேலே உள்ள குளியலறைத் தரையை உடைக்கச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் தளத்துக்குள் புகுந்த நீர், மின்கம்பிகளுக்காகப் பதித்த குழாயையோ தரைக்கு அடியில் நிரப்பிய மண்ணையோ பற்றிக்கொண்டு பல அடி தூரம் ஓடி, விரிசல் கண்ட இடத்தில்தான் சொட்டத் தொடங்கும். எனவே எங்கே கசிகிறது என்பதைவிட எப்போது கசிகிறது என்பதே பயனுள்ள கேள்வி.

கறை மின்விளக்கையோ மின்விசிறியையோ ஒட்டியிருந்தால், அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை முதலில் நிறுத்திவிட வேண்டும். பெயின்ட் நீர் கோத்துப் பை போலத் தொங்கினால், கீழே வாளி வைத்து, சிறு துளையிட்டு நீரை வடித்துவிடலாம்; கனம் தாங்காமல் காரையோடு பெயர்ந்து விழுவதற்கு அது மேல்.

அடுத்துத் தேவைப்படுபவை ஒரு பென்சிலும் ஒரு வாரப் பொறுமையும். கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன் மேலேயே தேதியையும் நேரத்தையும் எழுதி, கறை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் புதிய கோடு போட்டு வர வேண்டும். மழைக்குப் பிறகு மட்டும் பரவினால் மொட்டை மாடி, வெளிச்சுவர், சன்னல் விளிம்பு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரவு பகல் பாராமல் ஒரே சீராகப் பரவினால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் நன்னீர்க் குழாயில் ஓட்டை இருக்கக்கூடும். விட்டுவிட்டுப் பரவினால் கழிவுநீர்க் குழாயோ குளியலறைத் தரையோ காரணமாக இருக்கலாம். என் படுக்கையறைக் கூரையில் இருந்த கறைக்காக மேல்வீட்டார் குளியலறைத் தரையையே மாற்றிப் போட்டார்கள். இரண்டே வாரத்தில் கறை திரும்ப வந்தது. பிறகு வரைந்த நான்கு கோடுகளும் அவர்கள் துணி துவைத்த நாட்களோடு ஒத்துப்போயின. சலவை இயந்திரத்தின் கழிவுக் குழாய் சுவருக்குள் நுழையும் இணைப்பில்தான் ஒழுக்கு இருந்தது.

சந்தேகம் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு, சோதனைகளால் அதை உறுதி செய்ய வேண்டும். வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டரில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தண்ணீர் புழங்காமல் இருந்து மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் மீட்டருக்கு அப்பால் எங்கோ நீர் வெளியேறுகிறது. கழிவறைத் தொட்டியில் உணவு நிறமியைக் கலந்து, அரை மணி நேரத்தில் கோப்பைக்குள் நிறம் தெரிந்தால் தொட்டியின் வால்வு தேய்ந்திருக்கிறது என்று பொருள். சுவரில் ஈரம் வெளியிலிருந்து வருகிறதா, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறதா என்று தெரியாதபோது, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் பெரும்பாலும் கசிவு. அறைப் பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம்.

குளியலறைத் தரைக்கான சோதனை இன்னும் நேரடியானது. வடிகால் வாயை அடைத்து, 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிறமி கலந்த நீரை நிரப்பி, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கீழே ஈரம் வந்தால் தரையில் குறை. ஒன்றும் வராமல், அடைப்பை எடுத்து நீரை வடித்த பிறகு வந்தால் வடிகால் குழாயில் குறை. மொட்டை மாடியிலும் இதைச் செய்யலாம்; ஆனால் அந்த 25 மில்லிமீட்டர் நீரே ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை சேர்க்கும் என்பதால், கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்த தளத்தில் பொறியாளரைக் கேட்காமல் நீர் தேக்கக் கூடாது. வெளிச்சுவரைச் சோதிக்கும்போது அடியிலிருந்து மேல்நோக்கி, பகுதி பகுதியாக நீர் பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் சுவர் முழுக்க வழிந்து, எந்த விரிசல் உறிஞ்சியது என்று தெரியாமல் போய்விடும்.

காரணம் தெரிந்த பின் பழுது பார்ப்பது அவ்வளவு கடினமன்று. பழைய துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிப்பவை. மரை வெட்டிய இணைப்புகளில் சுவர் மெலிந்திருப்பதால் முதலில் அங்கேதான் ஒழுகும். ஓரிடத்தில் ஒட்டுப்போட்டால் சில மாதங்களில் அடுத்த இணைப்பு விட்டுக்கொடுக்கும். ஆகவே அந்த வரிசையையே மாற்றுவதுதான் சிக்கனம் என்பது என் கருத்து.

குளியலறையில் டைல்ஸ் இடுக்குகளுக்கு மட்டும் புதிய கலவை இடுவது மலிவானது. சில நேரம் போதுமானதும்கூட. ஆனால் நீரைத் தடுப்பது டைல்ஸ் அன்று, அதற்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சுதான். அது செத்துப்போயிருந்தால் தரையைப் பெயர்த்து, சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சாந்தால் வளைவாக நிரப்பி, வடிகால் வாயைச் சுற்றியும் குழாய் நுழையும் துளைகளைச் சுற்றியும் உள்ள இடைவெளிகளை அடைத்து, இரண்டு கோட் பூச்சை, சுவரிலும் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஏறும்படி அடிக்க வேண்டும்; நீர் தெறிக்கும் சுவரில் ஆள் உயரத்துக்கு. பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் பதிக்கும் முன்பே நீர் தேக்கிப் பார்த்துவிட வேண்டும். இதற்காகும் ஒரு நாளைக் கொத்தனார் மிச்சப்படுத்த நினைப்பார், விடக்கூடாது. மேலே செய்ய வேண்டிய இந்த வேலைக்குப் பதிலாகக் கீழ்வீட்டுக் கூரையில் நீர்த்தடுப்பு பெயின்ட் அடித்தால், நீர் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியை அரிக்கும்.

துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்வதால்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. தளர்ந்ததைச் செதுக்கி, கம்பியின் பின்புறம் வரை திறந்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பின் பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். கம்பி கண்கூடாக மெலிந்திருந்தால், தளத்தின் வலிமையைப் பொறியாளர் மதிப்பிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

கசிவு நின்றாலும் சுவர் உலரப் பல வாரங்கள் ஆகும். வெளியே வரும் வெள்ளை உப்பை நனைக்காமல் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பழைய கறையின் கடைசிப் பென்சில் கோட்டை அழிக்காமல் வைத்திருந்து, ஒரு மழைக்காலம் கடந்தும் ஈரம் அதைத் தொடவில்லை என்றால் பெயின்ட் அடிக்கலாம்.