ஏதென்ஸிலிருந்து ஹைட்ராவுக்கு ஒரு நாள்: வண்டி ஓடாத தீவுக்குக் குடும்பமாகச் சென்று திரும்பும் வழி

கோடைக்கானலில் வசிப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாத வண்டி நெரிசலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சியில் தொடங்கும் வரிசை நகராமல் நிற்பதையும், அதைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்ததையும் நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். அதே மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சாலையின்றி நடந்தும், குதிரை மீது சுமையேற்றியும் வாழ்ந்ததையும் நாம் அறிவோம். ஆகவே கிரீஸ் நாட்டுக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால், பிள்ளைகள் ஐரோப்பாவில் படிப்பதாலோ வேலை பார்ப்பதாலோ நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு இப்போது அமைகிறது, ஏதென்ஸில் தங்கும் நாட்களில் ஒன்றை ஹைட்ரா தீவுக்கு ஒதுக்குங்கள் என்று மனமாரச் சொல்வேன். வண்டியே வேண்டாம் என்று ஒரு ஊர் முடிவெடுத்தால் அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கும் என்பதை நம் மலைக்காரர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

ஹைட்ரா, ஏதென்ஸுக்குத் தென்மேற்கே, பெலொப்பொனீஸ் நிலப்பகுதியின் கரையை ஒட்டிய கடலில் உள்ளது. பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 2000 பேர். குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைத் தவிர மோட்டார் வாகனம் எதற்கும் அங்கே சட்டப்படி அனுமதி இல்லை; சைக்கிளும் கிடையாது. துறைமுகத்தைச் சுற்றி அரைவட்டமாக வீடுகள் மேலே மேலே ஏறிச் செல்கின்றன. அவற்றுக்கிடையே கற்படிகளும் ஒடுங்கிய சந்துகளும்தான் வழி. அரிசி மூட்டை போனாலும், சிமெண்டு போனாலும், குளிர்சாதனப் பெட்டி போனாலும் கோவேறு கழுதையின் முதுகில்தான் போக வேண்டும்.

இந்தப் பயணத்தைக் குழுவோடு சேர்ந்து செல்வதைவிடத் தனியாக ஏற்பாடு செய்துகொள்வதே நல்லது என்பதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ஹைட்ரா, போரோஸ், ஏகினா என்று மூன்று தீவுகளை ஒரே நாளில் காட்டும் கப்பல் சுற்றுலா ஏதென்ஸில் பெரிதாக விற்கப்படுகிறது. நாளின் பெரும்பகுதி கப்பலிலேயே கழிந்து, ஹைட்ராவில் இறங்கி நிற்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம்கூட இராது. அந்த நேரத்தில் துறைமுகத்துக் கடைகளைத்தான் பார்க்க முடியும்; சந்துகளுக்குள் நுழைய முடியாது. தனியாகப் போனால் ஆறேழு மணி நேரம் கைக்கு வரும். தனியாகப் போவதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பயணிகள் விரைவுப் படகில் நீங்களே சென்று வருவது. செலவு குறைந்த வழியும் இதுவே. ஏதென்ஸ் நகரின் சிந்தாக்மா சதுக்கத்திலிருந்து மெட்ரோவின் நீலத் தடம் நேராகப் பிரேயஸுக்குச் செல்கிறது; மொனஸ்திராகியிலிருந்து பச்சைத் தடத்திலும் போகலாம். இந்த ரயில்களில் பணப்பை திருடுவோர் உண்டு என்பதால் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் உடலோடு ஒட்டிய பையில் வைத்திருங்கள். பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். E1, E2 என்று எண்ணிட்ட வாயில்கள் வெகு தூரத்துக்கு நீள்கின்றன. ஹைட்ரா படகுகள் வழக்கமாக E8 வாயிலில் நிற்கும். மெட்ரோ நிலையத்திலிருந்து அங்கே பத்து நிமிடம் போல நடக்க வேண்டியிருக்கும். பயணச்சீட்டில் அச்சாகியுள்ள வாயில் எண்ணையே இறுதியாகக் கொண்டு, படகு புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.

பயணச்சீட்டைச் சில நாட்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்துவிடுவது நல்லது. வார இறுதிகளிலும் கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் வாரத்திலும் இடம் கிடைப்பது அரிது. அந்தப் படிவத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: குடும்பப் பெயர் என்ற கட்டம். தலைப்பெழுத்தை மட்டும் போடாமல், பாஸ்போர்ட்டில் பெயர் எப்படிப் பிரித்து அச்சாகியிருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். ஒரே பெயர் மட்டுமே இருந்தால் முன்பதிவு செய்யும் நிறுவனத்தை எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே சீட்டு எடுக்க வேண்டும். காலையில் கிடைக்கும் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்து, மாலையில் கடைசிப் படகுக்கு முந்தைய படகில் திரும்புவதே சரியான அமைப்பு. கடைசிப் படகைக் கைவசம் மிச்சமாக விட்டு வையுங்கள். பயணம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். வழியில் போரோஸில் பலர் இறங்குவார்கள், அங்கேயே இறங்கிவிடாதீர்கள். அறிவிப்பில் நம் தீவின் பெயர் ‘இத்ரா’ என்றே ஒலிக்கும்.

இவை வேகமாக ஓடும் பயணிகள் படகுகள். மூடிய அறைக்குள் இருக்கையில் உட்கார்ந்துதான் போக வேண்டும். மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்க இயலாது. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும்போதே வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களுக்கு இது சோதனையாக அமையலாம். மலைப்பயணத்துக்கு மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்ளும் அதே வாந்தித் தடுப்பு மாத்திரையை ஊரிலிருந்தே கொண்டு சென்று, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளச் செய்யுங்கள். கப்பலின் நடுப்பகுதியில் இருக்கை கேட்டு வாங்குவதும் உதவும்.

இரண்டாவது வழி, ஓட்டுநருடன் கூடிய வேனை நாள் முழுவதற்கும் பேசிக்கொண்டு, நிலவழியாக மெட்டோகி என்ற சிறு துறைக்குச் சென்று, அங்கிருந்து இருபது, இருபத்தைந்து நிமிடப் படகில் தீவை அடைவது. ஏதென்ஸிலிருந்து மெட்டோகிக்குச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். கடலில் இருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால் முதியவர்களும் கடலுக்கு அஞ்சுகிறவர்களும் உள்ள குடும்பத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். போகும் வழியில் கொரிந்த் கால்வாயில் வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்: 1893ஆம் ஆண்டு திறக்கப்பட்டது, 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குப் பாறையை நேர்க்கோடாக அறுத்து இரண்டு கடல்களை இணைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி எபிடோரஸ் தொல்லரங்கம் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தக் கல்லரங்கின் நடுவில் நின்று ஒருவர் உரக்கப் பேசினால் மேல்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் நின்று பார்த்து, அத்துடன் மைசீனி என்ற தொல்நகரையும் சேர்த்துக்கொண்டால் தீவுக்கு நேரம் மிஞ்சாது. தீவுக்காகப் புறப்பட்ட பயணம் அல்லவா இது.

வேன் பேசும்போது எதெல்லாம் கட்டணத்தில் அடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கக் கட்டணம், மெட்டோகியில் வண்டி நிறுத்தும் கட்டணம், படகுச் சீட்டு, அரங்கின் நுழைவுச்சீட்டு, உணவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு, ஓட்டுநர் வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் வந்து விளக்கம் சொல்ல உரிமம் பெற்றவர்களுக்கே அனுமதி உண்டு; ஓட்டுநர் வாசலோடு நின்றுவிடுவார்.

மூன்றாவது வழியாகிய தனிப்படகு வாடகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செலவு பல மடங்கு. காற்று எழுந்தால் முதலில் நிற்பதும் அதுவே. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்து பகிர்ந்துகொண்டாலன்றி நம் குடும்பங்களுக்கு அது தேவையில்லை.

எந்த மாதத்தில் போவது என்பதில் மலையில் வாழும் நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஏதென்ஸ் வட்டாரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஹைட்ரா மரம் குறைந்த பாறைத் தீவு. நண்பகலில் கல் சுவர்களும் கற்படிகளும் அனலைத் திருப்பி வீசும். மே மாதத்திலும் ஸ்வெட்டரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பழகிய நம் உடல் அந்த வெயிலை எளிதில் தாங்காது. ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரையும் உகந்த காலம். குளிர்காலத்தில் படகுகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். எந்தக் காலமானாலும், பலத்த காற்று வீசினால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பெரிய கப்பல்கள் ஓடும் காற்றில்கூடச் சிறிய விரைவுப் படகுகள் நின்றுவிடும். கப்பல் ஊழியர்களின் 24 மணி நேர வேலைநிறுத்தமும் அவ்வப்போது நிகழும். மே 1ஆம் தேதியைத் தவிர்ப்பது பாதுகாப்பு. இந்தக் காரணங்களால், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் ஹைட்ராவை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏதென்ஸில் இறங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ வைத்துக்கொண்டால், படகு நின்றாலும் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும்.

துறையில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது, கரையோரக் கல் தளத்தில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும் கோவேறு கழுதைகள். படகிலிருந்து இறங்கும் தண்ணீர்ப் பாட்டில் கட்டுகளையும் பயணிகளின் பெட்டிகளையும் மரச் சேணத்தின் இருபுறமும் எடை சமமாக வரும்படி கயிற்றால் இறுக்கி, கழுத்தைத் தட்டிக் கொடுத்து, சந்துக்குள் நடத்திச் செல்வார்கள். சந்தில் நீங்கள் நடக்கும்போது பின்னால் குளம்பொலி கேட்டால், நம் மலைப்பாதைகளில் செய்வதைப் போலவே சுவரோரம் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள். படம் எடுப்பதற்காகக் குறுக்கே நிற்பது அந்த விலங்குக்கும் அதை நடத்துகிறவருக்கும் தொல்லை. சவாரிக்கும் அவை கிடைக்கும். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போக வேண்டும் என்பது என் விருப்பம். கோடை நண்பகலில் அவற்றின் மீது ஏறாமலாவது இருங்கள்.

காலை நேரத்தை ஊருக்குள் செலவிடுங்கள். மணிக்கூண்டுள்ள மரியன்னை ஆலயம் துறைமுகத்திலேயே இருக்கிறது. அதன் முற்றத்துக்குள் நுழைந்ததும் வெளியிலிருக்கும் கடைவீதிச் சத்தம் அடங்கிவிடும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். 1821ஆம் ஆண்டு தொடங்கிய கிரேக்க விடுதலைப் போரில் இந்தச் சிறு தீவின் வணிகர்கள் தங்கள் கப்பல்களையே போர்க்கப்பல்களாக மாற்றிக் கொடுத்தார்கள். கடற்படைத் தலைவர் ஆன்ட்ரியாஸ் மியாவுலிஸ் இவ்வூரோடு சேர்த்தே நினைக்கப்படுபவர். கப்பல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் எழுந்த கல் மாளிகைகளுள் லாசரோஸ் கூந்தூரியோட்டிஸின் மாளிகை இப்போது அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. அந்த மாளிகைக்கு ஏறும் படிகளில் நின்று திரும்பிப் பார்த்தால் துறைமுகம் முழுவதும் கீழே தெரியும். அதன்பின் வழி கேட்காமல் சந்துகளில் நடந்து திரியுங்கள். எந்தச் சந்தில் தவறினாலும் இறக்கத்தைப் பிடித்து நடந்தால் துறைமுகத்துக்கே வந்து சேர்வீர்கள் என்பதால் பயமில்லை.

வெயில் தாழ்ந்ததும் மேற்கே கடலோரப் பாதையில் நடக்கலாம். கால் மணி நேரத்தில் கமினி என்ற மீனவத் துறை வரும். இன்னும் அவ்வளவு நேரம் நடந்தால் விளிகோஸ் கடற்கரை. நம் ஏரியை ஒரு சுற்று நடந்து பழகியவர்களுக்குப் போக வர இது எளிது. சுமார் 500 மீட்டர் உயரத்திலுள்ள எலியா தீர்க்கதரிசி மடத்துக்கு ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலில் வலுவுள்ள இளையவர்கள் விரும்பினால் இறங்கியவுடனே, வெயில் ஏறுமுன் புறப்பட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம்.

நடக்க முடியாத பெரியவர்களுக்குத் துறைமுகத்தைச் சுற்றிய சமதளமே போதும். கமினிக்கும் விளிகோஸுக்கும் கடல் டாக்சி எனப்படும் சிறு படகு உண்டு. கட்டணம் தலைக்கு அன்று, படகுக்கு மொத்தமாக என்பதால் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போவது படிகளில் பயன்படாது, தூக்குபையே நல்லது. குளிக்கும் இடங்கள் பெரும்பாலும் பாறையிலிருந்து நேராக ஆழத்தில் இறங்குபவை. நீச்சல் தெரியாதவர்கள் துறைமுகத்தை ஒட்டிய பாறைகளில் இறங்கவே கூடாது. விளிகோஸின் கூழாங்கல் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

சைவ உணவுக்கு அலைய வேண்டியதில்லை. கிரேக்கத் திருச்சபையின் விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விலக்குவார்கள். அந்த உணவு ‘நிஸ்திசிமோ’ எனப்படும். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் பணியாளருக்கு உடனே புரியும். ஆனால் நண்டு, இறால், கணவாய் போன்றவை அதில் இடம்பெறலாம் என்பதால், மீன் வகை எதுவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய வெள்ளை அவரையைத் தக்காளியில் வேகவைத்த ‘கிகாந்தெஸ்’, கடைந்த மஞ்சள் பருப்பான ‘ஃபாவா’, அரிசி நிரப்பி வேகவைத்த தக்காளி, கீரை அடை ஆகியவை வயிறு நிறையும். துறைமுகத்து முதல் வரிசையைவிட இரண்டு சந்து உள்ளே இருக்கும் உணவகங்களில் விலை குறையும். தீவின் தனிப் பண்டம் பாதாம் இனிப்பான ‘அமிக்தலோட்டா’. ஊருக்குக் கொண்டுவரத் தாங்கும்.

திரும்பும் படகுக்கு அரைமணி நேரம் முன்பே துறையில் நில்லுங்கள். படகுகள் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளுக்குப் படகுகள் வருவதால், பலகையில் பிரேயஸ் என்று இருப்பதைப் பார்த்தே ஏறுங்கள். படகைத் தவறவிட்டு, அடுத்ததிலும் இடமில்லை என்றால், மெட்டோகிக்குப் படகில் கடந்து அங்கிருந்து வாடகை வண்டியில் செல்வதுதான் அன்றே ஏதென்ஸ் திரும்ப மீதியிருக்கும் வழி. அது செலவுமிக்கது, இரவில் அந்தச் சிறு துறையில் வண்டி காத்திருக்காது என்பதால், கடலைக் கடக்கும் முன்பே தொலைபேசியில் வண்டியை உறுதி செய்துகொள்ளுங்கள்.