டீசரில் எழுத்து கடைசியில் ஏறட்டும்

பல குழுக்கள் சேர்ந்து நடத்தும் பிரச்சாரத்துக்கு அனிமேஷன் டீசர் செய்கிறீர்களா? எழுத்தைப் படத்தோடு சேர்த்து ரெண்டர் செய்யாதீர்கள், அதாவது கணினியில் இறுதிப் படமாக வார்த்தெடுக்காதீர்கள். ஊர்ப் பெயர், தேதி, லோகோ எல்லாம் படத்தின் மேல் வைக்கும் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, கடைசியில் ஏறட்டும்.

நொடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்றால் 30 நொடி டீசருக்கு 720 ஃபிரேம். கடைசி நேரத்தில் ஒரு குழு தேதியை மாற்றினாலும் அத்தனை படத்தையும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டியதில்லை. தமிழும் மலையாளமும் புழங்கும் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இரட்டை லாபம்: அதே படத்தின் மேல் தமிழ் ஒன்று, மலையாளம் ஒன்று என்று இரண்டு டீசர் கிடைத்துவிடும்.

எழுத்து லேயரை பிஎன்ஜி வரிசையாக, அதாவது ஃபிரேமுக்கு ஒரு பிஎன்ஜி படக் கோப்பாக, எடுங்கள். வழக்கமான எம்பி4 வீடியோ கோப்பில், அடியிலுள்ள படம் தெரியும்படியான வெற்றுப் பின்னணி நிற்காது, கறுப்பாகிவிடும். அப்புறம், ‘கொ’, ‘பெ’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். பழைய மென்பொருளில் இது அடிக்கடி நடக்கும். நம் ஊர்ப் பெயரே கொம்பு பிசகி நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காது.

எழுத்தே அசைந்து பனைமரமாக உருமாறுகிற மாதிரி காட்சி வைத்தால் இந்த வழி உதவாது. அதை ஒவ்வொரு மொழிக்கும் தனியாகத்தான் வரைய வேண்டும்.