ஐ.இ.பி. மீட்டிங்குக்குப் போகும் முன்

குழந்தைக்கு ஐ.இ.பி. போடப் போகிறோம், வந்து பேசுங்கள் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஐ.இ.பி. (இண்டிவிஜுவலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம்) என்பது, கற்கத் தனி உதவி தேவைப்படும் உங்கள் பிள்ளைக்கென்றே எழுதும் கல்வித் திட்டம். இப்போது என்ன வருகிறது, அடுத்த சில மாதத்தில் எது வர வேண்டும், யார் எப்படிச் சொல்லித் தருவார்கள், வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும்.

போவதற்கு முன் ஒரு வாரம், ஒரு நாற்பது பக்க நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'அடம் பிடிக்கிறான்' என்று எழுதாதீர்கள். 'குக்கர் விசில் வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு பீரோ பக்கம் போய் நின்றான், பத்து நிமிஷம் கழித்துத் தானாக வந்தான்' என்று எழுதுங்கள். ஸ்பெஷல் எஜுகேட்டருக்கு, அதாவது சிறப்பாசிரியருக்கு, அந்த ஒரு வரி போதும், வகுப்பில் மணி அடிக்கும்போது அவன் ஏன் எழுந்து ஓடுகிறான் என்பது பிடிபட்டுவிடும். பிடித்தவற்றையும் எழுதுங்கள். பஸ் நம்பர் என்றால் உயிரை விடும் பிள்ளைக்கு 29சி, 5பி என்று காட்டியே எண்கள் சொல்லித் தரலாம்.

பிள்ளையைப் பரிசோதித்து எழுதித் தந்த அசெஸ்மென்ட் ரிப்போர்ட் இருந்தால் நகல் எடுத்துப் போங்கள். இல்லையென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ, முட்டுக்காட்டில் மத்திய அரசு நடத்தும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்திலோ விசாரியுங்கள். யூகேஜி வயதில் டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) என்று யாரும் முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம், ஆனால் உதவியைத் தொடங்க முத்திரை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம், இலக்கு. என் மகனுக்கு முதலில் போட்ட திட்டத்தில் 'கவனிக்கும் திறன் மேம்படுத்தப்படும்' என்று எழுதியிருந்தார்கள், நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து மேம்பட்டதா என்று கேட்டால் டீச்சருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அடுத்த முறை உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: 'டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஐந்து தடவையில் நான்கு தடவை திரும்பிப் பார்ப்பான்.' இதை எண்ணிப் பார்க்கலாம். எண்ண முடியாத இலக்கு எதுவாக இருந்தாலும் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் மூன்று, மிஞ்சினால் நான்கு இலக்கு போதும். அதில் ஒன்றாவது படிப்பு சாராததாக இருக்கட்டும். பாத்ரூம் வருகிறது என்று சொல்லத் தெரிவது ஏ பி சி டி எழுதுவதைவிட அந்த வயதில் பெரிய காரியம்.

'இதெல்லாம் எங்களால் முடியாது' என்று பள்ளி சொன்னால் சண்டைக்குப் போகாமல், ஆனால் தயங்காமல், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் தேவையான ஆதரவைத் தனிப்பட்ட முறையிலும் தர வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்திலிருந்து (கல்வித் துறையின் வட்டார அளவிலான உதவி மையம்) சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார் என்று கேட்டு, அந்த நாளில் மீட்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் அடுத்த மீட்டிங் தேதியை அதிலேயே எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், வகுப்பு ஆயாம்மாவிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். டிஃபன் பாக்ஸைத் தானே திறப்பது என்று எங்கள் திட்டத்தில் இருந்தது, ஆயாம்மாவோ பாசத்தில் தினமும் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்க க்ளிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அவன் விரல் அந்த க்ளிப்புக்கே போனது.